செம்பனைக் குலையின் விலையைத் தீர்மானிப்பது சந்தையா, சட்டமா?

ஐந்தேக்கர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அப்பா அரும்பாடுபட்டு வாங்கிப் போட்ட ஐந்து ஏக்கர் பால்மர (ரப்பர்) காட்டை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டு, அந்த வருமானத்தில் குடும்பம் நடத்தி வருகிறேன். சென்ற வாரம் குலை வாங்கும் நிலையம் ஒன்றில் நடந்ததைச் சொல்லி உங்கள் கருத்தைக் கேட்கலாம் என்று தோன்றியது.

வாடகை லாரியை எடைமேடையில் ஏற்றி இறக்கியபோது நிகர எடை 1,860 கிலோ வந்தது. ரசீதில் 60 கிலோ பிடித்தம் போட்டு, காரணம் எழுதும் இடத்தில் ‘நீர், காம்பு’ என்று குறித்திருந்தார்கள். எண்ணெய் பிழிவு விகிதம், அதாவது நூறு கிலோ குலையில் இத்தனை கிலோ எண்ணெய் கிடைக்கும் என்ற மதிப்பு, 18 என்று இருந்தது. அதே மரங்களிலிருந்து, அதே பக்குவத்தில், இரண்டு வாரத்திற்கு முன் நான் கொண்டு போன குலைக்கு 19 போட்டவர்களும் அவர்களேதான். ஏன் என்று கேட்டதற்கு, “சந்தை விலை ஐயா, எங்கள் கையில் என்ன இருக்கிறது?” என்றார் கல்லாவில் இருந்தவர்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். குலையின் விலை இரண்டு எண்களின் பெருக்கல் என்பது செம்பனை நட்ட எல்லோருக்கும் தெரியும். ஒன்று, மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் வட்டார வாரியாக வெளியிடும் ஒரு விழுக்காட்டு விலை, அதாவது ஒரு டன் குலையில் பிழிவு விகிதத்தின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் உரிய விலை. மற்றொன்று பிழிவு விகிதம். அன்றைக்கு ஒரு விழுக்காட்டு விலை 42 வெள்ளி (ரிங்கிட்). 1,800 கிலோவுக்கு 19 போட்டிருந்தால் 1,436 வெள்ளி 40 காசு வந்திருக்கும். 18 போட்டதால் 1,360 வெள்ளி 80 காசு வந்தது. பிடித்தம் செய்த 60 கிலோவுக்கு இன்னொரு 45 வெள்ளி போயிற்று. ஆக, ஒரு நடையில் 120 வெள்ளிக்கு மேல் குறைந்திருக்கிறது. இதில் உலகச் சந்தை தீர்மானித்தது அந்த 42 வெள்ளியை மட்டுந்தான். 18 என்பதையும் 60 கிலோ என்பதையும் தீர்மானித்தது இறக்குமேடையில் நின்று குலையைக் காலால் புரட்டிப் பார்த்த ஒருவருடைய கண். அந்தக் கண்ணுக்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா, இருந்தால் அது யாருக்காக இருக்கிறது என்பதே என் கேள்வி.

கணக்கன் எழுதியது:

ஐயாவின் வருத்தம் நியாயமானது. ஆனாலும் இதற்குத் தீர்வாகச் சட்டத்தைத் தேடிப் போவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு நிலையம் குறைத்துக் கொடுத்தால் அடுத்த நிலையத்துக்குப் போகலாம் என்ற சுதந்திரமே விற்பவனுக்கு மிகப் பெரிய பாதுகாப்பு. அரசாங்கம் உள்ளே புகுந்து விலையைப் பிடித்து நிறுத்த முயன்றபோதெல்லாம் என்ன ஆயிற்று என்பதற்கு நம் பால்மரமே சாட்சி. 1920-21இல் ரப்பர் விலை விழுந்தபோது ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயாவிலும் இலங்கையிலும் 1922 நவம்பர் முதல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள். விலை ஏறியது உண்மைதான். 1925இல் ஒரு றாத்தல் ஓர் அமெரிக்க டாலரையும் தாண்டிற்று. ஆனால் டச்சுக்காரர்கள் அந்தத் திட்டத்தில் சேரவில்லை. நாம் மரத்தில் பால் வெட்டாமல் சும்மா வைத்திருந்த காலத்தில் சுமத்திராவிலும் போர்னியோவிலும் புதிது புதிதாக நட்டுச் சந்தையைப் பிடித்துக்கொண்டார்கள். 1928இல் திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. சட்டம் போட்டு ஏற்றிய விலை, போட்டியாளனுக்குக் கொடுத்த மானியமாகத்தான் முடிந்தது.

சிறுவழக்கு எழுதியது:

கணக்கன் தம்பி சொன்ன வரலாறு சரி. அதில் விட்டுப்போன பாதி ஒன்று இருக்கிறது. ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் ஒவ்வொரு நிலத்துக்கும் இவ்வளவுதான் உற்பத்தி என்று முதலில் ஓர் அளவு குறிக்க வேண்டும். தோட்டங்களில் கிராணி (கணக்கெழுதும் எழுத்தர்) இருந்தார், கணக்குப் புத்தகம் இருந்தது, நேற்று வெட்டிய பாலுக்கும் போன வருடத்துப் பாலுக்கும் எழுத்துச் சான்று இருந்தது. இரண்டு ஏக்கர் வைத்திருந்த கிராமத்து மலாய்க்காரரிடமோ நம்மவரிடமோ அப்படி எதுவும் இல்லை. அதனால் சிறுதோட்டக்காரர்களின் அளவு அவர்களுடைய உண்மையான விளைச்சலைவிடக் குறைவாகவே குறிக்கப்பட்டது. 1934இல் வந்த அனைத்துலக ரப்பர் ஒழுங்குமுறை உடன்பாட்டிலும் இதே குறை தொடர்ந்தது. புதிய நடவையும் அந்த உடன்பாடு தடைசெய்தது. ஆகவே அந்தக் காலத்தைப் பார்த்து ‘சட்டம் சந்தையைக் கெடுத்துவிட்டது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அளவை எழுதுகிறவன் யார், அவன் கையில் யாருடைய கணக்குப் புத்தகம் இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நூறு ஆண்டுக்குப் பிறகு ஐந்தேக்கர் ஐயா கேட்பதும் அதே கேள்விதான்.

‘அடுத்த நிலையத்துக்குப் போகலாம்’ என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் அவித்துவிட வேண்டும். தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். லாரி வாடகையும் ஏறிவிட்டது, பொழுதும் சாய்ந்துவிட்டது என்னும்போது, ஏற்றிய குலையை இறக்காமல் இன்னொரு நிலையத்தைத் தேடிப் போக எத்தனை பேரால் முடியும்? அதோடு, குலையை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடவும் முடியாது. வாங்குகிறவருக்கு வாரியத்தின் உரிமம் வேண்டும், விற்கிற நமக்கும் உரிமம் வேண்டும். திருட்டுக் குலை சந்தைக்கு வராமல் தடுக்க அது தேவையான ஏற்பாடு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்குவோரின் எண்ணிக்கையைச் சட்டமே வரையறுத்து வைத்துள்ள ஓர் இடத்தை ‘தன்னிச்சையான சந்தை’ என்று அழைப்பது பொருந்தாது. சட்டம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அது பாதி வேலையைச் செய்துவிட்டு மறு பாதியை விட்டுவிட்டதா என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

தராசுத்தட்டு எழுதியது:

நான் ஓர் ஆலையின் எடைமேடையில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்தவன். இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

வணிகத்துக்குப் பயன்படும் எந்தத் தராசும் 1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்தின் கீழ் சோதித்து முத்திரை இடப்பட வேண்டும். ஆண்டுதோறும் அந்தச் சோதனை மறுபடியும் நடக்க வேண்டும். எடைமேடையின் காட்சிப் பெட்டியருகே அந்த முத்திரை ஒட்டப்பட்டிருக்கும், அதில் ஆண்டும் இருக்கும். அங்கே நின்று அதைப் படித்துப் பார்த்த சிறுதோட்டக்காரரை என் பதினோரு ஆண்டில் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எடையில் ஏமாற்றுவது கடினம் என்பதற்குக் காரணமே அந்தச் சட்டத்தில் முத்திரை, தேதி, அதிகாரி, தண்டனை என்று எல்லாம் எழுதப்பட்டிருப்பதுதான். தரம் பிரிப்பது அப்படியில்லை. அதற்கும் வாரியத்தின் கையேடு உண்டு: எது பழுத்தது, எது காய், எது அழுகல் என்று அதில் தெளிவாக இருக்கிறது, காம்பு 5 செண்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது நீளக்காம்பு. ஆனால் மழை பெய்துகொண்டிருக்கும் மாலை நேரத்தில், பின்னால் பதினைந்து லாரி காத்திருக்க, கையேட்டைப் பார்த்துத் தரம் பிரிப்பவர் யார்? பழக்கத்தில் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அந்த எண் பெரும்பாலும் சிறியவனுக்குக் குறைந்தும், மாதம் முந்நூறு டன் அனுப்புகிறவனுக்குக் கூடியும் இருக்கும். பெரியவன் கோபித்துக்கொண்டு போய்விட்டால் ஆலைக்கு நட்டம்.

ஆலையின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். விலை ஏறும் மாதங்களில் காயை வெட்டிக் கொண்டுவந்து தள்ளுகிறவர்கள் நம்மில் உண்டு. உதிரிப்பழத்தோடு மண்ணையும் சேர்த்து அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. அதற்குப் பிடித்தம் செய்வது நியாயந்தான். ஐந்தேக்கர் அண்ணன் கேட்க வேண்டியது பிடித்தத்தை நீக்கச் சொல்லி அல்ல. எத்தனை குலையைப் பிரித்துப் பார்த்தார்கள், அதில் எத்தனை காய், எத்தனை நீளக்காம்பு என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்கட்டும். ‘நீர், காம்பு’ என்று இரண்டு சொல்லோடு முடித்துவிடும் ரசீதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடமும் முறையிட முடியாது.

நான்காம்பிரிவு எழுதியது:

குலையின் விலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். இதே ஊரில் இன்னொரு பொருளுக்குச் சட்டம் எப்படி விலை குறித்தது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பொருள் என் அம்மாவின் முப்பத்தொரு ஆண்டு உழைப்பு.

நான் பிறந்தது தோட்டத்தின் நான்காம் பிரிவில். அம்மா பால்மரம் வெட்டினார். பின்னர் செம்பனைக்கு உரம் போட்டார். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டத்துக்குப் போனபோது அம்மாவின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். 1980ஆம் ஆண்டு வேலை நீக்க நலன் விதிமுறைகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் இருபது நாள் சம்பளம். அம்மாவின் சராசரி நாள் சம்பளம் 18 வெள்ளி. முப்பத்தொன்றை இருபதால் பெருக்கி, அதைப் பதினெட்டால் பெருக்கினால் 11,160 வெள்ளி. கடிதத்தில் ஒரு காசு தவறில்லை. நான் பள்ளிக்கூடப் பேரேட்டின் பின்பக்கத்தில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்; மூன்று முறையும் அதே தொகைதான் வந்தது.

அந்தக் கணக்கில் எங்கள் லயத்து வீடு, தோட்டம் கொடுத்த வரிசைக் குடியிருப்பு, வரவில்லை. தாத்தா காலத்திலிருந்து மூன்று தலைமுறை குடியிருந்த வீடு, பின்வாசலில் அம்மா நட்ட முருங்கை, கிணற்றடி, எதுவும் வரவில்லை. ஏனென்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு ‘சம்பளம்’ என்றால் என்ன என்று வரையறுக்கும்போதே, குடியிருப்பு வீட்டின் மதிப்பு, தண்ணீர், விளக்கு, மருத்துவம் ஆகியவை சம்பளத்தில் சேரா என்று சொல்லிவிடுகிறது. ஆகவே வேலை போகும்போது வீட்டுக்கு ஈடு கிடையாது. ஆனால் அதே வீட்டைத்தான் சம்பளப் பேச்சுவார்த்தை நடந்த காலமெல்லாம் எங்கள் முன்னால் வைத்தார்கள்: வீடு இலவசம், தண்ணீர் இலவசம், அப்படியிருக்கச் சம்பளம் எதற்குக் கூட வேண்டும் என்று. சம்பளம் கேட்கும்போது வீடு சம்பளமாகவும், வீட்டுக்கு ஈடு கேட்கும்போது வீடு சம்பளமல்லாததாகவும் ஆயிற்று. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் அந்த வீட்டில் எத்தனை வசதி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் வேலை இருக்கும்வரைக்கும் உள்ள வீட்டைப் பற்றித்தான் அது சொல்கிறது.

இந்த ஊருக்கு இது புதிய கதையும் இல்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்று இலாபம் பார்த்தார்கள். துண்டாடலில் லயங்களும் வேலையும் சேர்ந்தே போயின. அப்போதுதான் எங்கள் ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்துக் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார். நாள் கூலியில் பிழைத்தவர்களுக்குப் பத்து வெள்ளி எவ்வளவு பெரிது என்பது அந்தக் காலத்து வீட்டுக்காரிகளுக்குத் தெரியும். சட்டம் பின்னர்தான் வந்தது: தேசிய நிலச் சட்டத்தின் 214அ பிரிவின்படி, நாற்பது ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் முன் அனுமதி தேவை. இந்தப் பிரிவு முன்பே இருந்திருந்தால் எத்தனை லயங்கள் தப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சந்தை தானாகச் செய்யாததைச் சட்டமும் செய்யாமல் இருந்த இடைவெளியில், மக்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டு அதைச் செய்தார்கள்.

கணக்கன் எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு பதில் எழுத முடியவில்லை. வீடு பற்றிய அந்த இரட்டைக் கணக்கை இதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அதில் நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன்.

இருந்தாலும் சட்டம் ஏழைக்கு எப்போதும் துணை நிற்கும் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டமும் சட்டந்தான். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அது சொன்னதால், இந்த மண்ணிலேயே காலமெல்லாம் உழைத்தவர்கள், சிவப்பு அடையாள அட்டை என்ற ஒரே காரணத்துக்காக, சுமார் 60,000 பேர் கப்பலேறிப் போனார்கள். உழைப்புச் சந்தையில் யார் நிற்கலாம் என்பதையே அது மாற்றி எழுதியது. அதனால்தான் அரசாங்கத்தின் கையில் பேனாவைக் கொடுக்குமுன் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்கச் சொல்கிறேன்.

குறைந்தபட்சச் சம்பளத்தைப் பற்றி மட்டும் என் எண்ணம் மாறியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கியபோது தோட்டங்கள் மூடிவிடும் என்று நானும் வாதிட்டவன். 2022இல் 1,500 ஆகி, 2025இல் 1,700 ஆன பிறகும் செம்பனை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முன்பு ரப்பர் விலை இறங்கினால் கூலியும் இறங்கும்படி ஒப்பந்தங்கள் இருந்தன. விலை வீழ்ச்சியின் பாரத்தை மரம் வெட்டுகிறவரின் அடுப்பங்கரையில் கொண்டுபோய் இறக்கிய ஏற்பாடு அது. அந்தப் பாரத்துக்குக் கீழே ஒரு தரை போட்டது இந்தச் சட்டம்.

ஐந்தேக்கர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று கேட்கிறேன். இந்த வட்டாரத்தில் என்னைப் போல் ஐந்து, ஏழு ஏக்கர் வைத்திருப்பவர்கள் நாற்பது பேருக்கு மேல் இருப்போம். நாங்கள் எல்லோரும் கோயில் மண்டபத்தில் கூடி, ‘இந்த விலைக்குக் கீழே யாரும் குலையை இறக்கக் கூடாது’ என்று முடிவு செய்துவிட்டால் என்ன?

சிறுவழக்கு எழுதியது:

ஐயா, அதை மட்டும் செய்துவிட வேண்டாம். 2012 சனவரி முதல் நடப்பில் இருக்கும் 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி விலை நிர்ணயிப்பதைத் தடைசெய்கிறது. சிறியவர், பெரியவர் என்ற பேதம் அங்கே எளிதில் எடுபடாது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த முதல் முடிவே கேமரன் மலைப் பூ விவசாயிகள் சங்கத்தைப் பற்றியதுதான். பூவின் விலையை 10 விழுக்காடு கூட்டுவதென்று உறுப்பினர்கள் சேர்ந்து முடிவெடுத்ததைச் சட்டமீறல் என்று 2012இல் போட்டி ஆணையம் கண்டறிந்தது. 2015இல் கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டார ஐஸ் உற்பத்தியாளர்கள் ஒன்றாக விலையேற்றியதற்காக அபராதம் கட்டினார்கள்.

தொழிலாளர்களுக்கு இந்தத் தடை இல்லை. சம்பளம் பற்றிய கூட்டுப் பேரத்தை அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை விலக்கி வைத்திருக்கிறது. நான்காம்பிரிவு சகோதரியின் அம்மா சங்கத்தின் வழியாகத் தம் உழைப்பின் விலையைக் கூடிப் பேசலாம். அதே அம்மா ஓய்வுபெற்று ஐந்து ஏக்கரில் குலை வெட்டினால், அண்டை நிலத்துக்காரரோடு கூடிக் குலையின் விலையைப் பேசிவைக்க முடியாது. உழைப்பை விற்பவன் ஒரு வகை, பொருளை விற்பவன் மறு வகை என்று சட்டம் கோடு கிழிக்கிறது. ஐந்து ஏக்கர்க்காரர் உண்மையில் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது விவாதிக்க வேண்டியது என்றே நான் நினைக்கிறேன். அவரைத் தனியே பார்க்கத் தெரியாத சட்டமுமல்ல இது: விலை ஏறும் காலத்தில் விதிக்கும் மிகை இலாப வரியை நூறு ஏக்கருக்கு மேல் உள்ள நிலங்களுக்கு மட்டும் வைத்தார்கள். வரியில் சிறியவனை அடையாளம் காணத் தெரிந்த சட்டத்துக்கு, இறக்குமேடையில் மட்டும் அவனைத் தெரியவில்லை.

உங்களுக்கு இருக்கும் நேரான வழி கூட்டுறவு. தனித்தனி வியாபாரியாக இருந்துகொண்டு விலையைப் பேசிவைப்பது ஒன்று; ஒரே கூட்டுறவுச் சங்கமாகக் குலையைச் சேர்த்து, ஒரே விற்பனையாளராக ஆலையோடு நேரடியாக ஒப்பந்தம் செய்வது வேறொன்று. செம்பனைச் சிறுதோட்டக்காரர்களுக்கென்றே கூட்டுறவுகள் அமைக்க வாரியம் வழிகாட்டுகிறது. ஒப்பந்தத்தில் விலையைவிட முதலில் எழுத வேண்டியது தரம் பிரிக்கும் முறை: எத்தனை குலையைப் பிரித்துப் பார்ப்பது, உங்கள் ஆள் ஒருவர் அருகில் நிற்பது, ரசீதில் எண்களைக் குறிப்பது. தராசுத்தட்டு சொன்னதுபோல், எடைக்கு முத்திரை எப்படியோ தரத்துக்கு அந்த வாக்கியம் அப்படி.

தராசுத்தட்டு எழுதியது:

சிறுவழக்கு சொன்னதை வழிமொழிகிறேன். கூட்டுறவு அமையும் மட்டும் சும்மா இருக்கவும் வேண்டாம். மூன்று மாத ரசீதுகளை எடுத்துவைத்து, ஒவ்வொரு தேதிக்கும் வாரியம் வெளியிட்ட ஒரு விழுக்காட்டு விலையைப் பக்கத்தில் எழுதி, உங்களுக்குப் போட்ட விகிதத்தை வரிசையாகப் பாருங்கள். நாற்பது பேருடையதையும் ஒன்றாக வைத்தால், ஒரே நாளில், ஒரே மேடையில் யாருக்கு எவ்வளவு போட்டார்கள் என்பது தெரிந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாரியத்தின் வட்டார அலுவலகத்துக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அட்டவணை போட நான் வருகிறேன்.

நான்காம்பிரிவு எழுதியது:

நானும் வருகிறேன். கணக்கு எழுதுவதற்குப் பள்ளியிலிருந்து பெரிய பேரேடு ஒன்று கொண்டுவருகிறேன்.

ஐந்தேக்கர் எழுதியது:

அப்படியானால் வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் கூடுவோம். விலை பேச அல்ல, கணக்குப் பார்க்க மட்டும் என்று வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். ரசீதின் அசலைக் கொண்டு வரவும். அந்த வழவழப்பான தாளில் எழுத்து இரண்டு மாதத்தில் மங்கிவிடுகிறது. என்னிடம் உள்ள பழைய ரசீதுகளில் எடை மட்டும் இலேசாகத் தெரிகிறது, பிடித்தம் போட்ட வரி அழிந்தே போய்விட்டது. ஆகையால் இன்றைக்கே ஒவ்வொருவரும் தங்கள் ரசீதுகளை எடுத்து, அதிலுள்ள எண்களைப் பேனாவால் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.